பெரிய டாக்டரின் துண்டு

ஜூன் 9, திங்கள்

நர்சிங் உதவியாளர் படிப்புக்குப் புது பேட்ச் வந்துவிட்டது. பதினெட்டுப் பெண்கள். ஆறு வாரத்துக்குத் தொற்றுத் தடுப்பு என் பொறுப்பு, அதற்குப் பிறகு பரீட்சை. ரிட்டயர் ஆன பிறகாவது சும்மா இரேன் என்று என் வீட்டுக்காரர் எட்வின் சொல்லிப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்குச் சும்மா இருக்கத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் நான் பாடம் எடுப்பதில்லை. வகுப்புக் கதவின் கைப்பிடியில் துணிக்குப் போடும் நீலப்பொடியைத் தடவிவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு மணி நேரம் ஊர் எது, பேர் என்ன என்று கதை பேசிவிட்டு, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள் என்பேன். இன்றைக்கும் ஒரே கூச்சல். மூக்கில் நீலம், காதில் நீலம், சாப்பாட்டு டப்பாவில் நீலம். சபுரா என்று ஒரு வாயாடி, பத்தொன்பது வயது. அவளுக்கு நாக்கில் நீலம். நகம் கடிக்கிற பழக்கமாம்.

ஒருத்தி மேல் மட்டும் ஒரு பொட்டு நீலம் இல்லை. உலகம்மாள். வயது முப்பத்தேழு, வகுப்பிலேயே மூத்தவள். பத்து வருஷம் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவியாளராக இருந்தவள்.

“நீ எப்படிம்மா தப்பிச்ச?”

“ரெண்டு கையிலயும் சாமான் இருந்துச்சு மிஸ். கதவ இடுப்பாலதான் இடிச்சித் தொறந்தேன்.”

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இதைவிட நல்ல முறையை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

கை கழுவும் முறை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். கும்மி அடிப்பது போலத் தாளம் பிடித்துச் செய்தார்கள், பார்க்கவே அழகாக இருந்தது. நாற்பது விநாடி கழுவிய கையைப் பதினாறு பேர் என்ன செய்தார்கள்? முந்தானையிலும் துப்பட்டாவிலும் துடைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த முந்தானை, பிள்ளைக்கு மூக்குச் சிந்திய முந்தானை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தையல் வகுப்பு மெஷினை நிறுத்திவிட்டது.

நாளையிலிருந்து எல்லோரும் துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிந்துகொண்டு வர வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

அப்போது சபுரா கேட்டாள்: “அப்ப எல்லாருக்கும் பொதுவா ஒரு நல்ல துண்டு போட்டுட்டா என்ன மிஸ்? சுத்தமான துண்டு.”

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. பத்து நிமிஷம் முன்னாலேயே வகுப்பை விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாரல் விடவே இல்லை. வெள்ளைக் கோட்டு ஒன்றும் காயவில்லை. பதினெட்டுப் பேரும் ஊறப்போட்ட அவல் வாசத்தோடு வந்தார்கள்.

ஜூன் 20, வெள்ளி

கையுறை கழற்றும் பாடம். வெளிப்பக்கம் தோலில் படாமல் உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து எடுக்க வேண்டும். சபுரா அழகாகக் கழற்றினாள், கழற்றியதை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த கையைக் கழற்றினாள்! அவளைக் கொல்லாமல் விட்டது கர்த்தரின் கிருபை.

உலகம்மாளுக்கு எல்லாம் ஒரே தடவையில் புரிகிறது. புரிவதெல்லாம் சமையலறைக் கணக்கில்தான். “சாம்பார்க் கரண்டிய மோருக்குள்ள போட மாட்டோம்லா மிஸ், அதான?” என்கிறாள். அதேதான் என்கிறேன்.

தென்காசியில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சான்றிதழோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சத்துணவு வேலையையும் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள். கணவர் தறியில் இருந்தவர், கண் பார்வை மங்கி வீட்டில் இருக்கிறார். ஆக, இந்தச் சான்றிதழை நம்பித்தான் அந்த வீடு இருக்கிறது. அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

பாடப் புத்தகத்தில் முப்பத்து நான்காம் பக்கத்தை இன்றும் எடுக்க முடியவில்லை. பொதுத் துண்டு, பொதுப் பாத்திரங்கள் பற்றிய பக்கம். நேரம் போதவில்லை.

ஜூன் 25, புதன்

“ஒரே பக்கத்துக்கு எத்தனை நாளாத்தான் குறிப்பு எடுப்ப?” என்று எட்வின் கேட்கிறார். புத்தகத்தை மூடிவிட்டேன். இந்த மனுஷனுக்கு வேலை இல்லாமல் போனது எனக்குத்தான் வேலையாகப் போயிற்று.

ஜூன் 30, திங்கள்

இன்றுமுதல் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி, அதே பெண்கள் அறுவை வார்டு, பதினான்கு கட்டில். சுவருக்குப் பச்சை போய் மஞ்சள் வந்திருக்கிறது. பெரிய டாக்டர் குற்றாலலிங்கத்துக்கு வயது எழுபத்து நான்கு. இன்னும் தினம் ரவுண்ட்ஸ் வருகிறார். என்னைப் பார்த்ததும், “பியூலா, எடை போட்டுட்ட போலிருக்கே” என்றார். அவ்வளவு பிரியம் அவருக்கு.

துண்டும் அப்படியே இருக்கிறது.

அதைப் பற்றி எழுதிவிடுகிறேன். டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து முடித்ததும், தள்ளுவண்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் கை அலம்புவார். பக்கத்தில் ஒருத்தி மடித்த வெள்ளைத் துண்டை முழங்கை மேல் போட்டுக்கொண்டு நிற்பாள். அவர் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். பதினான்கு கட்டிலுக்கும் அந்த ஒரே துண்டு. பிடிப்பவள் அதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, இஸ்திரி போட்டு மறுநாள் கொண்டுவர வேண்டும். எல்லோருக்கும் அந்தத் துண்டு கிடைத்துவிடாது. டாக்டர் ஆள் பார்த்துத்தான் கொடுப்பார்.

இந்தத் தடவை உலகம்மாளுக்குக் கொடுத்திருக்கிறார். மூத்தவள், நிதானமானவள் என்று. வார்டில் எல்லோரும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். எந்த ஓரம் அவர் பக்கம் இருக்க வேண்டும், எத்தனை மடிப்பு என்றெல்லாம் நானே காட்டிக்கொடுத்தேன்.

“ஒங்களுக்கு எப்படி மிஸ் இவ்ளோ கரெக்டா தெரியும்?” என்றாள் சபுரா.

பதினோரு வருஷம் நான்தான் பிடித்தேன் என்றேன்.

ஜூலை 2, புதன்

உலகம்மாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றாள்.

“மிஸ், ஏழாம் பெட்டு அக்காவுக்குப் புண்ணுல சீழ் வச்சிருக்கு. அதத் தொட்டுட்டுக் கைய அலம்பித் தொடைக்காவ. அதே துண்ட எட்டாம் பெட்டுக்கும் கொண்டு போவணுமா?”

“அலம்பிட்டுத்தானே துடைக்கிறார்?”

“சும்மா முக்கி எடுக்காவ மிஸ். நாப்பது செகண்டுன்னு நீங்கதான சொன்னிய?”

“உலகம்மா, பயிற்சி முடிஞ்சதுக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும். இப்போ அவர் சொல்றதச் செய். மத்தத பரீட்சைக்கு அப்புறம் பேசிக்கலாம்.”

“சரி மிஸ்” என்று போய்விட்டாள். சரியான பதிலைத்தான் சொன்னேன். பிழைக்கத் தெரிய வேண்டாமா? தயிர்ச்சாதம் இறங்கவில்லை. உப்பு கூடிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

என்ன சொல்ல.

காலை ரவுண்ட்ஸ். முதல் கட்டில் முடிந்து டாக்டர் கை அலம்பினார், வழக்கம் போலக் கையை நீட்டினார். உலகம்மாள் முழங்கையில் துண்டு இல்லை. பளபளவென்று தேய்த்த ஒரு டிபன் கேரியரைத் திறந்து, உள்ளங்கையகலத் துணி ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டினாள்.

“என்ன இது?”

“துண்டுதான் டாக்டர்.”

“என் துண்டு எங்க?”

“இதுதான் டாக்டர் அது. பதினாலா வெட்டி ஓரம் அடிச்சிட்டேன், நூல் பிரியாது. பெட்டுக்கு ஒண்ணு. இட்லிச் சட்டியில அவிச்சி, இஸ்திரி போட்டுக் காய வச்சி கொண்டாந்திருக்கேன். சாரல்ல வேற வழியில்ல.”

மூன்றாம் கட்டில் பாட்டி, “நல்ல காரியந்தான தாயி” என்றாள். யாரோ சிரித்தார்கள். டாக்டர் ஈரக் கையோடு திரும்பி நடந்தார், ரவுண்ட்ஸ் பாதியில் நின்றது. அவர் ரவுண்ட்ஸைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. உலகம்மாள் இனி வார்டுக்கு வரக் கூடாது, அவள் பயிற்சி ஏட்டில் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாமல் பதினெட்டாம் தேதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. எங்கள் நிர்வாகி ஞானதிரவியம் என்னைக் கூப்பிட்டு, “மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதி வாங்கிருங்க மேடம், முடிச்சிருவோம்” என்றார்.

அவளிடம் சொன்னேன்.

“எழுதித் தாரேன் மிஸ். கால்ல வேணாலும் விழுதேன். ஆனா வெட்டுனத இனி ஒண்ணா ஒட்ட முடியாதுல்லா? மறுபடி அதே மாதிரி ஒரு துண்டத் தந்தாவன்னா நான் என்ன செய்ய?”

இட்லிச் சட்டி ஆஸ்பத்திரியில் துணி அவிக்கும் ஆட்டோகிளேவுக்கு ஈடாகாது என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு நேரம் அவிக்கணும் மிஸ் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஜூலை 5, சனி

காப்பிக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டேனாம். எட்வின் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தபோதுதான் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், இதே வார்டு. ஒரே மாசத்தில் ஐந்து பெண்களுக்கு ஆபரேஷன் புண் ஆறாமல் சீழ் வைத்தது. டாக்டர் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அலைந்தார். தியேட்டரை மூடி மருந்தடித்தோம். தண்ணீர்த் தொட்டியை மூன்று முறை கழுவினோம். நூலை மாற்றினோம், ஊசியை மாற்றினோம். ஒன்றும் பிடிபடவில்லை.

நடுவில் எனக்கு அம்மை போட்டது. ஒன்பது நாள் லீவு. துண்டு என் வீட்டுப் பீரோவில் இருந்தது. வேறு யாரும் துண்டு பிடிக்கவில்லை, டாக்டர் பஞ்சில் துடைத்துக்கொண்டார். அந்த ஒன்பது நாளில் புதிதாக ஒருத்திக்கும் சீழ் இல்லை. நான் குணமாகி, துண்டை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த வாரமே ஆறாவது ஆள், ஏழாவது ஆள்.

ஏழாவது பெண்ணுக்குக் கட்டு மாற்றும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் இடுப்பு வலி என்று சொல்லி வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். டாக்டருக்கு வருத்தம். அதன் பிறகு வந்தவர்கள் சின்னப் பெண்கள், யாரும் அவருக்குப் பிடிக்கவில்லை, கொஞ்ச காலம் துண்டே இல்லாமல் போயிற்று. சீழும் நின்றது. தொட்டியைக் கழுவியதால் நின்றது என்று எல்லோரும் நம்பினார்கள்.

யாரும் சாகவில்லை. அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எட்டு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் நாற்பது நாள் கிடந்தார்கள். ஒருத்தி மகள் கல்யாணத்து மேளச் சத்தத்தை வார்டு போனில் கேட்டு அழுதாள். போனை அவள் காதில் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

எட்வினிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். “நாளைக்கு நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன்” என்றார்.

ஜூலை 7, திங்கள்

டாக்டரின் அறை. உலகம்மாள் எழுதித் தந்த மன்னிப்புக் கடிதம் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

“உன் ஸ்டூடன்ட் என்னை வார்டுல வச்சு அவமானப்படுத்திட்டா பியூலா.”

“அவ சொன்னதுதான் சரி டாக்டர். நான் சொல்லியிருக்க வேண்டியது. இருபத்தொரு வருஷம் லேட்.”

எழுதியதையெல்லாம் சொன்னேன். அம்மை, ஒன்பது நாள், ஆறாவது ஆள், ஏழாவது ஆள். நடுவில் நிறுத்தவில்லை. அவர் மேஜை மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வருஷம் தண்ணித் தொட்டிய மூணு தடவை கழுவச் சொன்னேன்.”

“தெரியும் டாக்டர். ஆள் வச்சுக் கழுவுனது நான்தான்.”

“தெரிஞ்ச அன்னைக்கே ஏன் சொல்லல? திட்டுவேன்னு பயமா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

“பயம் இல்ல டாக்டர். அந்தத் துண்டப் பிடிச்சிக்கிட்டு உங்க பின்னாடி நடக்கிறது எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. சொன்னா, நான் பதினோரு வருஷம் பெருமையா சுமந்தது என்னன்னு ஆகிரும். அதான் சொல்லல.”

அவர், “போ பியூலா” என்றார். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. கையெழுத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, கால் தானாக வெளியே வந்துவிட்டது. எட்வின் எதிர்க்கடையில் இரண்டு கிளாஸ் டீயோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை. முப்பத்து நான்காம் பக்கத்தை எடுத்தேன். ஒரு மணி நேரம் போதவில்லை. உலகம்மாளும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பரீட்சை எழுதுவோமா என்று தெரியாதவள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

ஜூலை 9, புதன்

காலை ஏழரைக்கு வார்டு இன்சார்ஜ் போன். “அந்தக் கேரியர்காரியைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாரு.”

போனோம். ரவுண்ட்ஸ் தொடங்கியது. முதல் கட்டில். டாக்டர் கை அலம்பினார். அலம்பினார் என்றால் வண்டித் தண்ணீரில் முக்கவில்லை, குழாயடிக்குப் போய் விரலிடுக்கு, கட்டைவிரல் எல்லாம் தேய்த்தார். உலகம்மாள் உதடு அசைந்தது. பாவி, நாற்பது வரை எண்ணுகிறாள்! இருபத்தைந்தில் அவர் குழாயை மூடப் போனபோது மெதுவாக, “இன்னும் கொஞ்சம் டாக்டர்” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

இடுக்கி, துணி. துடைத்துவிட்டு வாளியில் போட்டார். அடுத்த கட்டில், அடுத்த துணி. ஒன்பதாம் கட்டிலில் பழக்க தோஷத்தில் பழைய துணியையே வாளியிலிருந்து எடுக்கக் குனிந்தார். உலகம்மாள் வாளியைக் காலால் நகர்த்திவிட்டாள். வார்டு முழுக்கச் சிரித்தது. முதலில் முறைத்தார், அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முடிந்ததும் ஏட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “இட்லி வாசம் வருது” என்றார்.

“நாளைக்கு வேற சட்டியில அவிக்கேன் டாக்டர்.”

“வேண்டாம். ஸ்டோர்ல சொல்லியிருக்கேன், பேப்பர் டவல் வருது.” பிறகு என்னைப் பார்க்காமல், “அந்த ஏழு பேரோட கேஸ் ஷீட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன் பியூலா. இருக்கிறவங்களைப் போய்ப் பார்க்கணும். நீயும் வா” என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

போனோம். அவர் காரில், நானும் கூட. இரண்டு பேர் மட்டும் விலாசத்தில் கிடைத்தார்கள். ஒருவர் எங்களை உட்காரவைத்து எல்லாம் கேட்டுவிட்டு முறுக்கு கொடுத்தார். இன்னொருவர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். “இப்ப வந்து சொல்லுதீய, நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதுவும் நியாயம்தான்.

ஜூலை 18, வெள்ளி

பரீட்சை. உலகம்மாள் தேறினாள், செய்முறையில் அவள்தான் முதல். பதினேழு பேர் தேறினார்கள். சபுரா கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்து, “ம்மா, நல்லா பண்ணுதேன்” என்று பரீட்சை அறையிலேயே பேசினாளாம். அடுத்த மாசம் மறுபடி எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

உலகம்மாள் தென்காசியில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் போன் செய்தாள். “எல்லாம் நல்லாருக்கு மிஸ். இங்க உள்ள டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு பழக்கந்தான் சரியில்ல. திங்கக்கிழம சொல்லிருவேன்.”

பாவம் அந்த டாக்டரம்மா. சொல்லிவிட்டு எனக்கும் போன் செய் என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அடுத்த பேட்ச். இருபது பேர். இந்தத் தடவை முப்பத்து நான்காம் பக்கத்தில் தொடங்கினேன். துண்டைப் பற்றிச் சொன்னேன். யார் பிடித்தது என்றும் சொன்னேன். பிடிக்கையில் எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லும்போதுதான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். “அந்த ஏழு பேரு பேரும் நெனவிருக்கா மிஸ்?”

இருக்கிறது என்றேன். செல்லத்தாய், ராஜபுஷ்பம், மைதீன் பாத்து, கோமு, அன்னக்கிளி, ஞானசுந்தரி, சுப்புத்தாய். கட்டில் வரிசைப்படி சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது பேரும் எழுதிக்கொண்டார்கள்.